அழகருக்காக ஒரு நாள் லீவு!

போன வருஷம், அதாவது 2025 மார்ச் முதல் தேதி காலையில் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தாள் முழுக்கச் சிவப்பு சிவப்பாக வட்டங்கள்.

"என்னடி, காலண்டருக்கு அம்மை போட்டிருக்கு?"

"வெளையாடாதீங்க. இதெல்லாம் நீங்க லீவு போட வேண்டிய நாள்!" என்றாள் என் இல்லத்தரசி, சிவப்பு பேனாவை மூடியபடி.

எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 5, பாப்பாவுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன். ஏப்ரல் 14, மேலூர் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் அவளுக்கு மொட்டை, காதுகுத்து. மே 4, திருக்கடையூரில் அப்பாவுக்கு மணிவிழா. மே 12, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். மே 31, அப்பா ரிடையர்மெண்ட். நடுவில் 'ஊட்டி?' என்று ஒரு கேள்விக்குறி வேறு.

என் பங்குக்கு நான் ஒரே ஒரு வட்டம் போட்டேன். மார்ச் 31. நான் சென்னையில் ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமி. ஊருக்கெல்லாம் வசந்த காலம் மாமரத்தில் வரும். எங்களுக்கு அது பில், வவுச்சர், பேலன்ஸ் ஷீட் வழியாக வரும்!

பன்னிரண்டில் மூன்று போனால்...

வருஷத்துக்குக் கேஷுவல் லீவு பன்னிரண்டு. பொங்கலுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ஒன்று என மூன்று ஏற்கெனவே அவுட். மீதி ஒன்பதை வைத்துக்கொண்டு டிசம்பர் வரை ஓட்ட வேண்டும். மாதக் கடைசியில் பர்ஸைத் தடவுகிற அதே தடவல்தான், உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அடுத்தது டிக்கெட். முன்பெல்லாம் நாலு மாதத்துக்கு முன்னால் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகச் சுருங்கிவிட்டது. ஆகவே விசேஷத்துக்கு நாள் குறித்த கையோடு, அதிலிருந்து அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணி இன்னொரு வட்டம் போட வேண்டும். அன்று காலை எட்டு மணிக்குச் செல்போனும் கையுமாக உட்காராவிட்டால், அப்புறம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

ஊட்டியை மட்டும் சாமர்த்தியமாகத் தட்டிக் கழித்தேன். "கோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாசத்திலேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கார்ல போக இ-பாஸ் எடுக்கணும், தெரியுமில்ல?" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டேன்.

"நம்மகிட்டதான் காரே இல்லியே!" என்றாள்.

பஸ்னா தாத்தா!

எல்.கே.ஜி. அட்மிஷனில் கேள்வி கேட்பது குழந்தையிடம் என்று யார் சொன்னது? நான் எந்த காலேஜ், என்ன சம்பளம், வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று என்னைத்தான் குடைந்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை.

கடைசியில் பாப்பாவிடம் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டார் அந்த மிஸ். பஸ் படம்.

பாப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "தாத்தா!" என்றாள்.

மிஸ் விழித்தார். நான்தான் அசடு வழிய விளக்கம் சொன்னேன். என் அப்பா அரசு பஸ் டிரைவர். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ். பாப்பாவைப் பொறுத்தவரை, ஊரில் ஓடுகிற பச்சை, நீலம், மஞ்சள் பஸ் எல்லாமே தாத்தாதான்.

சீட் கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குள் என்னவோ சுருக்கென்றது. பாப்பா வயதில் எனக்கும் அப்பா என்றால் பஸ்தான். வீட்டில் பார்த்ததைவிட மேலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுதான் அதிகம். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா... ஊருக்கெல்லாம் எப்போது லீவோ, அப்போதுதான் டிரைவருக்குச் சிறப்புப் பேருந்து டூட்டி. அழகரைப் பார்க்க என்னைத் தோளில் தூக்கிப் போனது தாய்மாமன்தான். பக்கத்தில் மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பா தோளில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் மாமா தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உர்ரென்று இருப்பேன்.

மாமன் மடி, ஆசாரி கை

சித்திரை முதல் தேதி காதுகுத்து. பவுன் விலை முதன்முதலாக எழுபதாயிரத்தைத் தாண்டிய வாரம் அது! தாய்மாமன் என்ற முறையில் தோடு வாங்கி வந்த என் மச்சான், நகைக்கடை பில்லை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டினான்.

அவன் மடியில் பாப்பாவை உட்கார வைத்தாயிற்று. மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி கம்பியோடு தயார். அப்பாவைத்தான் காணோம். அன்றைக்கும் டூட்டி.

"பேத்தி காதுகுத்துக்குமா டூட்டி?" என்று அம்மா பொரிந்து தள்ளினாள்.

ஒரு காது குத்தி, பாப்பா கோயிலே அதிரக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், காக்கிச் சட்டையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் பையிலிருந்து கடலை மிட்டாய் வெளியே வந்தது. அழுகை நின்றது. ரெண்டாவது காது சத்தமில்லாமல் முடிந்தது.

நான் ஒன்றும் பேசவில்லை. கவனித்தது ஒன்றே ஒன்றுதான். படியேறும்போது இடது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினார் அப்பா. முப்பத்து மூன்று வருஷம் கிளட்ச் மிதித்த கால்.

நரைத்த மாப்பிள்ளைகள்

திருக்கடையூருக்கு முதல் தடவை போகிறவர்களுக்குச் சிரிப்பு வந்தே தீரும். எங்கே திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, பெண். எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும்! எமனைச் சிவபெருமான் காலால் உதைத்து, மார்க்கண்டேயனைக் காப்பாற்றிய தலம் என்பது புராணம். அதனால்தான் ஆயுளுக்கான சாந்திகளுக்கு எல்லாரும் அமிர்தகடேஸ்வரரையும் அபிராமியையும் தேடி மயிலாடுதுறைப் பக்கம் ஓடுகிறோம்.

ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. அறுபது நிறைந்தால் மணிவிழா. எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். அறுபதுக்கு மட்டும் ஏன் இத்தனை விசேஷம்? தமிழ் வருஷப் பெயர்கள் மொத்தம் அறுபது. அப்பா பிறந்தது 1965, விசுவாவசு வருஷம் சித்திரை மாசம், பூச நட்சத்திரம். அறுபது பெயரும் ஒரு சுற்று சுற்றி, 2025 சித்திரையில் அதே விசுவாவசு திரும்ப வந்தது. நம் ஆயுசில் ஒருமுறைதான் அந்த வண்டி அதே ஸ்டாண்டுக்குத் திரும்பி வரும்!

கலச நீரை ஊற்றி முடித்ததும் அப்பா கையில் தாலியைக் கொடுத்தார் குருக்கள். ஸ்டியரிங்கில் ஆடாத கை லேசாக ஆடியது. அம்மா தலையைக் குனிந்துகொண்டே, "இன்னிக்காவது டூட்டி இல்லாம வந்தீகளே" என்றாள். பக்கத்துச் சாந்தியில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "இந்த வருஷமாவது லீவு போடுங்கப்பா. எல்லாரும் சேர்ந்து அழகரைப் பார்ப்போம்."

"முடியாதுடா. கடைசித் திருவிழா டூட்டி. அதை வேற ஒருத்தன்ட்ட குடுக்க மனசு வரல."

"முப்பத்து மூணு வருஷமா ஒரு தடவைகூடப் பாக்கலியேப்பா?"

இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "லட்சம் சனத்தைக் கொண்டுபோய் இறக்கி விட்டுருக்கேன். அவரு இறங்கறதை மட்டும் பாத்ததில்லே."

ஆடிட்டரும் அழகரும்

மே 12 திங்கட்கிழமை. அந்த வாரம்தான் எங்கள் ஆபீஸில் ஆடிட். லீவு லெட்டரை நீட்டியதும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பதில் 'நோ' என்று அர்த்தம்.

"இதோ பாருப்பா, அழகர் வருஷா வருஷம் ஆத்துல இறங்குவார். அடுத்த வருஷம் போய்ப் பார்த்துக்கோயேன்."

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "அழகர் வருஷா வருஷம் வருவார் சார். அவருக்கு பஸ் ஓட்டிக்கிட்டு எங்கப்பா வர்றது இந்த வருஷம்தான் சார் கடைசி."

மனுஷர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரீகன்சிலியேஷன் முடிஞ்சிருக்கணும்" என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு முடித்துக் கொடுத்தேன். லீவு லெட்டர் கையெழுத்தாகி என் மேஜை மேல் இருந்தது.

பச்சைப் பட்டு

அப்பா லீவு போட மாட்டாரா? சரி, நாங்கள் அவர் பஸ்ஸில் ஏறிவிட்டோம்!

மே 11 ராத்திரி, மேலூர் பஸ் ஸ்டாண்ட். சிறப்புப் பேருந்து. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நான், மனைவி, அம்மா, என் மடியில் மொட்டைத் தலையோடு பாப்பா. நாலு பேருக்கும் முறைப்படி டிக்கெட் போடச் சொன்னார் அப்பா. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பாப்பாவுக்கு வயசு பத்தாது, ஆக உனக்கு மட்டும்தான் காசு என்று கண்டக்டர் சிரித்தார்.

பஸ் கிளம்பியதும் பாப்பா, "தாத்தா, வேகமா!" என்று கத்தினாள். அப்பா திரும்பவேயில்லை. "டிரைவர்ட்ட பேசக் கூடாது தாயி. எழுதிப் போட்டிருக்கு பாரு" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டோரமாக நடந்து போகிறவர்கள், தூங்கி விழும் பிள்ளைகள், குறுக்கே ஓடும் சைக்கிள். கியரை மாற்றும்போதெல்லாம் ஒரு கணம் சுளிக்கும் முகம். உள்ளே ஒரு குலுக்கல் தெரியவில்லை. சின்ன வயதில், 'அப்பா திருவிழாவுக்கு வரவில்லை' என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார், ஒரு ராத்திரியில் நாலு தடவை!

மாட்டுத்தாவணியில் எங்களை இறக்கிவிட்டு, மறுபடி ஒரு டிரிப் போய் வந்தார். நாலு மணிக்கு மாற்று டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"இப்ப வர்றேன்டா."

கூட்டத்தோடு கூட்டமாகக் கோரிப்பாளையம் நோக்கி நடந்தோம். அழகர்கோயிலிலிருந்து கள்ளர் வேடத்தில் புறப்பட்டு, வழியெல்லாம் மண்டகப்படிகளில் தங்கித் தங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை முடித்து வருகிறார் அழகர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலை அவர் தோளில். தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது தெரிந்து கோபித்துக்கொண்டு அண்ணன் திரும்பிவிட்டார் என்பது மதுரைக்காரர்கள் சொல்லும் கதை. நேரத்துக்கு வர முடியாத அண்ணன்! டூட்டியில் இருக்கும் எல்லா அப்பாக்களுக்கும் அவர்தான் குலதெய்வமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆற்றங்கரையில் பாப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார் அப்பா. "முழங்காலு..." என்றேன். "சும்மா இர்றா" என்றார்.

ஆறு மணியை ஒட்டி, தங்கக் குதிரையில் பச்சைப் பட்டு உடுத்தி வைகைக்குள் இறங்கினார் அழகர். பச்சை உடுத்தினால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. 'கோவிந்தா!' சத்தம் வானத்தைத் தொட்டது. துருத்தியிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் எங்கள் மேல் மழையாக விழுந்தது. பாப்பா தாத்தாவின் நரைத்த முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதித்தாள்.

அப்பா கும்பிடவில்லை. இரண்டு கையாலும் பேத்தியின் காலைப் பிடித்திருந்தாரே, எப்படிக் கும்பிட முடியும்? முகம் முழுக்கத் தண்ணீர். அதில் துருத்தித் தண்ணீர் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

கடைசி ஸ்டாப்

மே 31, சனிக்கிழமை. சால்வை, மாலை சகிதம் சக ஊழியர்கள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் விடிகாலை மூன்றரைக்கு ஹாலில் லைட் எரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், குளித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"அதான்டா தெரியல" என்று சிரித்தார். அம்மா பேசாமல் உள்ளே போய், இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டிசம்பர் கடைசியில் என் லீவுக் கணக்கில் பாக்கி பூஜ்யம். அதற்காக நான் வருத்தப்படவில்லை. புதுக் காலண்டர் வந்த அன்றைக்கே, சிவப்பு பேனாவை எடுத்து முதல் வட்டத்தை நானே போட்டேன். 2026-ல் சித்ரா பௌர்ணமி மே 1, வெள்ளிக்கிழமை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அன்று மே தினம்... உழைப்பாளிகளுக்கு லீவு!