மண் தந்த மருந்து: வயலில் வீணாக்கலாகாது

கோடையில் முதல் மழை விழுந்ததும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் கள்ளக்குறிச்சிப் பகுதி மானாவாரி நிலங்களிலும் எழும் மண்வாசனையை அறியாத விவசாயி இல்லை. மண்ணில் வாழும் ஆக்டினோமைசிட்ஸ் என்னும் நுண்ணுயிர்களே இவ்வாசனைக்கு முக்கிய காரணம். எருவையும் தழையையும் மட்கச் செய்யும் இந்த நுண்ணுயிர்களிடமிருந்தே மனிதரின் நோய் தீர்க்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பல கிடைத்தன. அவற்றுள் ஒன்றான ஆரியோமைசின் பிறந்த ஆராய்ச்சிக் கூடத்திற்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் படித்த உயிர்வேதியியல் அறிஞர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆவார்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு

சுப்பாராவ் 1895-ல் ஆந்திரப் பகுதியிலுள்ள பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். உடன்பிறந்தோர் இருவரைக் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள மணிச்சத்தை அளக்க, 1925-ல் அவரும் ஃபிஸ்க் என்பவரும் வெளியிட்ட முறை உலகெங்கும் பரவியது. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவரது குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர்.

பிடி மண்ணில் கிடைத்த பொன்

எழுபது வயதைக் கடந்த பயிர் நோய் அறிஞர் பெஞ்சமின் டக்கர், ஓய்வு பெற்றபின் 1944-ல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். பல இடங்களிலிருந்தும் மண் மாதிரிகள் வரவழைக்கப்பட்டன. மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் சோதனை வயலில், திமோத்தி என்னும் தீவனப்புல் விளைந்த பாத்தியிலிருந்து வந்த மண்ணில் பொன்னிற நுண்ணுயிர் ஒன்று காணப்பட்டது. அது சுரந்த பொருள் பலவகைக் கிருமிகளைத் தடுத்தது. அதுவே 1948-ல் வெளியான ஆரியோமைசின். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். இம்மருந்தே டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதலாவது.

விவசாயிக்கு என்ன தொடர்பு?

புதர்க்காடுகளிலும் வரப்புப் புல்லிலும் உள்ள சிறு உண்ணி கடிப்பதால் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீரிலிருந்து எலிக் காய்ச்சல் வருகிறது. மலையில் விறகு எடுப்போரையும் நடவு செய்வோரையும் தாக்கும் இவ்விரு நோய்களுக்கும் மருத்துவர்கள் தரும் டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. காய்ச்சலுடன் உடலில் பீடி சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு காணப்பட்டால், தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும்.

ஆகவே இம்மருந்து வலிமை இழந்தால் முதலில் பாதிக்கப்படுவது விவசாயக் குடும்பமே. ஒரே பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பிய பூச்சிகள் பெருகி மருந்து பலிக்காமற் போவதைப் பருத்தி விவசாயிகள் கண்டிருக்கிறார்கள். பாக்டீரியாவும் அப்படியே. மேலும், மருந்தைத் தாங்கும் திறன் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கும் பரவக்கூடியது.

கவனிக்க வேண்டியவை

ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த தூள் பயிர்களுக்கும் தெளிக்கப்பட்டு வந்தது. இவற்றை விவசாயத்தில் தடை செய்வதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

1. மரவள்ளியில் வரும் தேமல் நோய் வைரஸால் வருவது. வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. இதற்கு ஆன்டிபயாட்டிக் தெளிப்பது வீண் செலவு. நோயற்ற செடியிலிருந்து மட்டும் விதைக்கரணை எடுக்க வேண்டும். நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும்.

2. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் தோன்றினால், தழைச்சத்தை அளவுக்கு மேல் இடாமல் பிரித்து இட வேண்டும். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளலாகாது. நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாகாது. ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் புதிய சாணம் வீதம் கரைத்து, தெளியவைத்து வடிகட்டிய நீரை, நோய் தென்பட்டதும் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம்.

3. மடிநோய்க்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை அவர் சொல்லும் நாள் வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். அவர் குறிப்பிடும் காலம் முடியும் வரை அந்தப் பாலை வீட்டிற்கோ சங்கத்திற்கோ பயன்படுத்தலாகாது.

4. தொழு உரமும் பசுந்தாள் உரமும் இட்டு வந்தால், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகும்.

மரவள்ளி பற்றிய விவரங்களுக்கு ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தையும், பிற பயிர்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகலாம். ஒரு வயலின் மண் தந்த மருந்தை நம் வயல்களில் தெளித்து வீணாக்காமல், உயிர் காக்கும் வேளைக்கு விட்டுவைப்பதே அறிவுடைமையாகும்.