கதவு பளிச்... அப்பத்தா மங்கல்! பழைய ஃபிலிம் கேமராவில் ஆட்டோஃபோகஸ் சொதப்பினால் என்ன செய்யலாம்?

ராசிபுரம் பக்கம் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் அந்தத் திண்ணையில் அப்பத்தாவை உட்காரவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், அதையும் ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியப்பாவின் பீரோவில் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆட்டோஃபோகஸ் காம்பாக்ட் கேமராவை எடுத்துத் தூசி தட்டினேன். புது பேட்டரி, புது ரோல், 36 படம்.

ரோலைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பிக் கழுவி வாங்கப் பத்து நாள் ஆனது. வந்து பார்த்தால் பாதிக்கு மேல் மங்கல். செல்போனாக இருந்தால் அந்த நொடியே பார்த்து மறுபடி எடுத்திருப்பேன். ஃபிலிமில் தப்பு தெரியவே பத்து நாள் ஆகிவிட்டது. வீடு இடிக்க மிச்சமிருந்தது இரண்டே வாரம்.

"பெரியப்பா, கேமரா போயிடுச்சுங்களா?" என்று கேட்டேன். டிஜிட்டல் வரும்வரை ஸ்டுடியோ நடத்தியவர் அவர். கேமராவைத் தொடக்கூட இல்லை. "நெகட்டிவ்வக் குடு கண்ணு" என்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"கேமரா நல்லாத்தான் இருக்குது. அது எங்க பாக்குதுன்னு உனக்குத்தான் தெரியல."

முதலில் படத்தைப் பாருங்கள்

மங்கலான படத்தில் எங்காவது ஓர் இடம் கூர்மையாக இருக்கிறதா? அப்படியென்றால் கேமரா வேலை செய்திருக்கிறது, ஆனால் தப்பான இடத்தில் ஃபோகஸ் செய்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுத்துவிட்டதுபோல இருந்தால், அது கை நடுக்கம். நல்ல வெளிச்சத்தில் எடுத்தும் ரோல் முழுக்க எதுவுமே கூர்மையாக இல்லை என்றால்தான் லென்ஸையோ ஆட்டோஃபோகஸையோ சந்தேகப்பட வேண்டும்.

என் படத்தில் அப்பத்தாவும் அத்தையும் மங்கல். இருவருக்கும் நடுவில் தெரிந்த கதவின் பித்தளைக் குமிழ் மட்டும் பளிச்!

பழைய கேமராக்களில் பெரும்பாலும் நடுப்புள்ளியில்தான் ஃபோகஸ். நடுவில் ஆள் இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் சுவருக்குப் போய்விடும். தீர்வு எளிது. முகத்தை நடுவில் வைத்து பட்டனைப் பாதி அழுத்துங்கள். விடாமல் பிடித்தபடியே கேமராவை நகர்த்தி, பிறகு முழுதாக அழுத்துங்கள். இதற்குப் பெயர் ஃபோகஸ் லாக்.

கேமராவின் கண் எங்கே?

பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா, 1977-ல் வந்த கோனிகா சி35 ஏஎஃப். இரண்டு சின்ன ஜன்னல்கள் வழியே தெரியும் காட்சிகளை ஒப்பிட்டு அது தூரம் கணித்தது. பின்னால் வந்த பல காம்பாக்ட் கேமராக்கள் வேறு வழியைப் பிடித்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் கோணத்தை வைத்துத் தூரத்தை அளந்தன.

எங்கள் கேமரா இந்த இரண்டாவது ரகம். கொல்லிமலைக்குப் போகும்போது பஸ் கண்ணாடி வழியாக எடுத்த படமெல்லாம் ஏன் போனது என்று இப்போது புரிகிறது. ஒளி ஜன்னல் கண்ணாடியில் பட்டே திரும்பியிருக்கிறது. உங்கள் கேமராவில் மலை படம் போட்ட பட்டன் இருந்தால், இப்படிப்பட்ட இடத்தில் அதை அழுத்துங்கள். ஃபோகஸ் தூரத்துக்குப் போய் நின்றுவிடும்.

கறுப்புப் பொருள்கள் இந்த ஒளியை விழுங்கிவிடும். லாரி டயர் பக்கத்திலேயே இருந்தாலும் தூரத்தில் இருப்பதாகக் கேமரா நினைக்கலாம். பளபளக்கும் எவர்சில்வரும் ஏமாற்றும். அதே தூரத்தில் உள்ள வேறொன்றில் ஃபோகஸ் லாக் செய்துகொள்ளுங்கள். முன்பக்கச் சின்ன ஜன்னல்களில் விரல் ரேகையோ அழுக்கோ இருந்தால் மெல்லிய துணியால் துடையுங்கள். எடுக்கும்போது விரல் அங்கே மறைக்கக் கூடாது.

எஸ்.எல்.ஆர் வைத்திருப்பவர்களுக்கு

1985-ல் வந்த மினோல்டா 7000-க்குப் பிறகு லென்ஸ் மாற்றும் கேமராக்களிலும் ஆட்டோஃபோகஸ் பரவியது. இவை அகச்சிவப்பை நம்புவதில்லை, பொருளில் உள்ள கோடுகளையும் வெளிச்ச வேறுபாட்டையும் பார்க்கின்றன. வெறும் வெள்ளைச் சுவரும் வெள்ளை வேட்டியும் பிடிபடாது. நாமக்கல் கோழிப்பண்ணையின் கம்பிக் கூண்டுபோல ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வடிவங்களும் குழப்பும்.

பழைய மாடல்கள் பலவற்றுக்கு நெட்டுக்கோடு மட்டும்தான் தெரியும். இளம்பிள்ளை சேலையின் படுக்கைக் கோடுகளில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால், கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஃபோகஸ் செய்துவிட்டு நேராக்குங்கள்.

"பட்டனே அழுந்தலை" என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். சிங்கிள் ஏஎஃப் முறையில் ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டர் திறக்காது. லென்ஸ் அசையவே இல்லையா? ஏஎஃப்/எம் சுவிட்ச், பேட்டரி, லென்ஸின் உலோகத் தொடர்புகள் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

ரோல் போடாமலே டெஸ்ட்

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த காலம் ஒன்று உண்டு. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இப்போது ரோல் விலை கையைக் கடிக்கிறது. அதனால் முதலில் ரோல் இல்லாமல் சோதியுங்கள்.

அகச்சிவப்பு ரகம் என்றால், செல்போனின் செல்ஃபி கேமரா வழியாகக் கேமராவின் முன்பக்கத்தைப் பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். டி.வி ரிமோட்டில் தெரிவதுபோலப் பல போன்களில் ஊதா ஒளி மின்னும். எஸ்.எல்.ஆர் என்றால் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். ஆட்டோஃபோகஸ் செய்த பிறகு 'பி' முறையில் ஷட்டரைத் திறந்து வைத்தால், ஃபிலிமில் விழப்போகும் படம் காகிதத்தில் தலைகீழாகத் தெரியும். அதில் பொருள் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் சரி. காகிதம் ஷட்டர் திரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் ஸ்குரூடிரைவர் வைத்துத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், பேட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட் வைத்திருக்கும். இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்தான்.

இரண்டாவது ரோலில் அப்பத்தாவின் முகத்தை நடுவில் வைத்து, பாதி அழுத்தி, நகர்த்தி எடுத்தேன். பிரின்ட் வந்தபோது வீடு இருந்த இடத்தில் செங்கல்தான் கிடந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்தார்.

"திண்ணையில இருந்த வெடிப்புகூடத் தெரியுது சாமி" என்றார்.