கைகள் கொடுத்த மூச்சு!

1952-ம் ஆண்டு. டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் வேகமாகப் பரவியது. நோயாளிகள் பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் வந்து குவிந்தார்கள்.

இந்த நோய் கை, கால்களை மட்டும் முடக்குவது அல்ல. சிலருக்குத் தொண்டையையும் மார்பையும் முடக்கிவிடும். எச்சிலை விழுங்க முடியாது. மூச்சு விடவும் முடியாது.

அப்போது இதற்கு இருந்த கருவி "இரும்பு நுரையீரல்". கழுத்துவரை உடலை மூடும் பெரிய பெட்டி. அதற்குள் காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரியும். மூச்சு உள்ளே போகும். அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்றே ஒன்று! மார்பில் கட்டும் சிறு கருவிகள் 6 இருந்தன. முதல் 3 வாரத்தில், மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள்.

காரணம் என்ன?

மயக்க மருந்து நிபுணரான டாக்டர் பியோர்ன் இப்சன் அதைக் கண்டுபிடித்தார். எச்சிலும் சளியும் மூச்சுக் குழாயை அடைத்தன. போதுமான மூச்சு இல்லாததால், வெளியேற வேண்டிய கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கியது. வழி அடைபட்டிருந்தால் கருவி இருந்து என்ன பயன்?

ஆகஸ்டு 27-ந் தேதி. 12 வயதுச் சிறுமி ஒருத்தி சாகும் நிலையில் இருந்தாள். அவளுடைய கழுத்தில், குரல்வளைக்குக் கீழே சிறு துளை போடப்பட்டது. அதன் வழியாக ஒரு குழாயைச் செருகினார்கள். சளியை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு குழாயில் ரப்பர் பை ஒன்றை இணைத்து, கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார் இப்சன். சிறுமி பிழைத்தாள்!

மற்றவர்களுக்கும் இப்படிச் செய்யலாம். ஆனால் இரவு பகலாகப் பையை அமுக்க ஆள் வேண்டுமே?

மருத்துவக் கல்லூரி மாணவ மாணவிகள் வந்தார்கள். சுமார் 1,500 பேர்! முறை வைத்துக்கொண்டு, படுக்கை அருகில் அமர்ந்து பையை அமுக்கினார்கள். ஒரே நேரத்தில் 70 பேர்வரை இப்படி உயிர் வாழ்ந்தார்கள். பேச முடியாத குழந்தைகளுக்கு மாணவர்கள் கதை படித்துக் காட்டினார்கள். 100-க்கு 80-க்கு மேல் இருந்த சாவு, பாதிக்கும் கீழே இறங்கியது.

1953-ல் கோபன்ஹேகனில் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றை இப்சன் தொடங்கினார்.

இன்று கையின் வேலையை வென்டிலேட்டர் செய்கிறது. ஆனாலும் குழாயில் சளி சேராமல் நர்சுகள் அடிக்கடி கவனிக்கிறார்கள். குழாய் இருக்கும்போது நோயாளியால் பேச முடியாமல் போகலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அருகில் சென்று பேசுங்கள். அவர் காதில் விழலாம்!