விசுவாசத்தினால் இரட்சிப்பு

விசுவாசத்தினால் இரட்சிப்பு என்பது, மனிதர் தம் நற்கிரியைகளால் அல்லாமல், இயேசு கிறிஸ்துவின் மீது வைக்கும் விசுவாசத்தினால் கடவுளுக்கு முன் நீதிமானாக ஏற்கப்படுகிறார் என்னும் கிறித்தவக் கோட்பாடாகும். சீர்திருத்த சபையினர் 'இரட்சிப்பு' என்பதைக் கத்தோலிக்கர் 'மீட்பு' என்பர்.

பின்னணி

பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் எனப் பணத்துக்கு வழங்கப்பட்ட சீட்டுகளை எதிர்த்து, 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். இரட்சிப்பு விலைக்குக் கிடைப்பதன்று, கிருபையால் கிடைப்பது என அவர் போதித்தார். கடவுளின் அருளுடன் மனிதரும் ஒத்துழைக்க வேண்டும் என்று 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அறிவித்தது.

தமிழகத்தில்

இவ்விரு மரபுகளும் தமிழகக் கடலோரத்தில் வேரூன்றின. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஓரியூரில் 1693இல் உயிர்த்தியாகம் செய்த அருளானந்தர் கத்தோலிக்கத் துறவி. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரன் போதகர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சிட்டு முடிக்கப்பட்டதால், பவுலின் உரோமர் நிருபத்தைத் தமிழர் அச்சு நூலில் படிக்க முடிந்தது.

நற்கிரியைகள் வீணா?

விசுவாசம் போதுமெனில் ஏழைக்கு உதவுவது எதற்கு என்ற கேள்வி எழுகிறது. உரோமர் 3:28 கிரியைகளைச் சாராத விசுவாசத்தைப் பேச, யாக்கோபு 2:24 கிரியைகளையும் வலியுறுத்துகிறது. மரம் காய்ப்பதால் உயிர் பெறுவதில்லை, உயிருள்ளதால் காய்க்கிறது. அதுபோல நற்கிரியை இரட்சிப்பின் விலையன்று, அதன் கனி என்பது லூத்தரன் விளக்கம்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். மீட்பு கடவுளின் அருளால் கிடைப்பது, நற்செயல்கள் அதைத் தொடர்பவை என்பதை இரு தரப்பும் ஏற்றன.