ஊதுவதற்கு முன் ஒரு நூலை எடுங்கள்

பழைய டியூபா ஒன்று கைக்கு வந்ததும் பலர் தேடுவது அதன் அணசில் பொறித்திருக்கும் பெயரைத்தான். அதை மட்டும் நம்பி விலை பேசுவது ஆபத்து. யாரோ ஒரு பட்டறைக்காரர் செய்த கருவியில் விற்ற கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்தில் சகஜம். கருவி எந்த ஊர், எந்தக் காலம் என்பதைக் குழாயைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வால்வு எதையும் அழுத்தாதபோது காற்று போகும் வழியை, ஊதுமுனையிலிருந்து அணசின் விளிம்பு வரை நூல் பிடித்து அளந்து பாருங்கள். சுமார் 3.7 மீட்டர் வந்தால் எஃப் டியூபா. 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட்டும் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற முதல் டியூபாவின் சுருதி அதுதான். 4 மீட்டர் என்றால் ஈ-பிளாட். ஐந்தரை மீட்டர் என்றால் பி-பிளாட். நீளம் 2.4 மீட்டர்தான், ஆனால் வால்வு ஆறு இருக்கிறதா? யூஃபோனியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரெஞ்சு சி டியூபாவாக இருக்கலாம். 1922இல் முஸோர்க்ஸ்கியின் பியானோப் படைப்பை இசைக்குழுவுக்கு மாற்றிய ராவெல், மாட்டு வண்டிப் பகுதியின் தனி ஊதலை இந்தச் சின்னக் கருவிக்குத்தான் எழுதினார். பெரிய டியூபாக்காரர்கள் இன்றும் அந்த மேல்ஸ்வரங்களில் திணறுகிறார்கள்.

அடுத்து வால்வுகளின் பின்பக்கம். அங்கே விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன வளையங்கள் கூடுதலாக ஒட்டியிருந்தால், அது இங்கிலாந்தில் பூஸி நிறுவனத்தைச் சேர்ந்த பிளெய்க்லி 1870களில் கண்ட ஏற்பாடு. ஒரு வால்வு ஒரு ஸ்வரத்தையும் இன்னொன்று ஒன்றரை ஸ்வரத்தையும் இறக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கணக்கு இடிக்கும்: ஈ-பிளாட் டியூபாவில் சுமார் 9 சென்டிமீட்டர் குழாய் போதாமல், சுருதி ஏறி ஒலிக்கும். பிளெய்க்லியின் அமைப்பில் கடைசி வால்வை அழுத்தியதும் காற்று திரும்பி வந்து மற்ற வால்வுகளுக்குள் மறுபடி நுழைந்து, அந்தச் சின்ன வளையங்கள் வழியாகவும் போகும். குறைந்த நீளம் தானாகச் சேர்ந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

பிரிட்டிஷ் கருவி என்றால் சுருதிக் குழாயையும் உருவிப் பாருங்கள். பிரிட்டனின் பித்தளைக் கருவிக் குழுக்கள் 1960கள் வரை ஏ ஸ்வரத்தை 440க்குப் பதில் சுமார் 452 ஹெர்ட்ஸில் வைத்திருந்தன. கிட்டத்தட்ட கால் ஸ்வரம் அதிகம். பிற்பாடு இறக்குவதற்காக ஒட்டுப்போட்ட குழாயில், நிறம் மாறிய துண்டும் பற்றவைத்த தழும்பும் தெரியும். ஒட்டு சுத்தமாக இருந்தால் அது குறையே இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஊதுமுனைக்கு அடுத்த குழாயில் மிளகளவு இளஞ்சிவப்புப் புள்ளி, நடுவில் கருமை தெரிந்தால் கவனம். எச்சிலின் ஈரம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்துவிட்டு, சல்லடை போன்ற செம்பை மட்டும் விட்டிருக்கிறது. உள்ளிருந்து வரும் நோய் என்பதால் மெருகேற்றிப் பயனில்லை. அந்தக் குழாயையே மாற்ற வேண்டும். பிறகு வால்வை அழுத்தாமல் அதன் இழுகுழாயை வெளியே உருவி, வால்வை அழுத்துங்கள். 'பொக்' என்று சத்தம் வந்தால் பிஸ்டன் இன்னும் தேயவில்லை.

விலையை இதெல்லாம் பார்த்த பிறகே பேச வேண்டும். 1930களில் மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸில் யார்க் நிறுவனம் செய்த பெரிய சி டியூபா ஒன்றை, டியூபாக் கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் மாணவராக இருந்தபோது 175 டாலருக்கு வாங்கினார். சிகாகோ சிம்பொனியில் அவர் ஊதி அதன் ஒலி புகழ்பெற்ற பிறகு, ஜப்பானின் யமஹாவும் சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்பிரன்னரும் அந்தக் குழாயை முன்மாதிரியாக வைத்து நகல் டியூபாக்களைச் செய்தன.