ஏழைக்கேற்ற எள்ளுருண்டை – சோவியத் காமிரா!

காமிரா என்றாலே அது ஆண்கள் சமாசாரம், அதுவும் பணக்கார சமாசாரம் என்று நம்மில் பல பேர் ஒதுங்கிவிடுகிறோம். ஜெர்மனியின் லைக்காவை விலை கேட்டால், 'பேசாமல் வைரத்தோடு வாங்கிக்கலாமே' என்றுதான் தோன்றும்! ஆனால் லைக்காவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு. சோவியத் நாட்டில் பிறந்தவள். பெயர் ஃபெட். ஸோர்க்கி, கீவ் என்று அவளுக்கு உறவுக்காரர்களும் உண்டு. பழைய சாமான் கடைகளில் ஒரு சுமாரான பட்டுப்புடவை விலைக்குள் கிடைத்துவிடுவார்கள்.

பாட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். அறுபது வயதான காமிராவும் கையால் குமிழைத் திருகினால் 'க்ளிக்' என்கிறது.

தெருப் பிள்ளைகள் செய்த காமிரா

இதன் பூர்வோத்தரத்தைக் கேட்டால் உங்களுக்கே மனசு இளகிவிடும். ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கான குழந்தைகளைத் தெருவில் நிறுத்தியிருந்த காலம். அவர்களில் சிலருக்காக 1927-ல் உக்ரேனின் கார்கிவ் நகரில் ஓர் இல்லம் திறந்தார்கள். அதை நடத்தியவர் அன்டன் மகாரென்கோ என்ற ஆசிரியர். ஒரு வேளை படிப்பு, ஒரு வேளை பட்டறை வேலை. பையன்களும் உண்டு, பெண்களும் உண்டு. முதலில் மின்சார டிரில் செய்தார்கள். பிறகு லைக்காவை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, 1934 முதல் வரிசையாகக் காமிரா செய்யத் தொடங்கினார்கள்.

ஃபெட் என்பது ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஸெர்ஜின்ஸ்கி என்பவருடைய பெயரின் முதலெழுத்துக்கள். சோவியத் ரகசியப் போலீஸை உருவாக்கிய கெடுபிடிக்காரர் அவர்! பெயர் அவருடையது. உழைப்பு, தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளைகளுடையது.

ஸோர்க்கி, மாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள க்ராஸ்னகோர்ஸ்கில் 1948-ல் வந்தது. 'கூரிய பார்வை உள்ள' என்று அர்த்தமாம். கீவ் காமிரா லைக்கா வழி அல்ல. ஜெர்மனியின் கான்டாக்ஸ் வழி. உலகப் போர் முடிந்ததும் நஷ்ட ஈடாகக் கொண்டுவந்த கருவிகளை வைத்து, 1947 முதல் கீவ் நகரின் அர்ஸனால் ஆலையில் செய்தார்கள்.

எங்கள் வீட்டில் ஃபெட்

என் மகள் கார்கிவில் மருத்துவம் படித்தாள். 2019 விடுமுறையில் வந்தபோது, அங்கே சந்தையில் ஒரு தாத்தாவிடம் வாங்கிய ஃபெட்-2 ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். 'ஏம்மா, எப்பப் பார்த்தாலும் நீ எங்க எல்லாரையும் பார்த்துண்டே இருக்கியே, இதால பாரேன்' என்றாள்.

2022 பிப்ரவரியில் போர் வந்தது. சுரங்க ரயில் நிலையத்தில் ஒண்டியிருந்து, எப்படியோ எல்லை தாண்டி மார்ச்சில் வீடு வந்து சேர்ந்தாள். வந்தவள் பேசவில்லை. குக்கர் விசிலுக்குக்கூடத் தூக்கிவாரிப்போடும். கையில் எந்நேரமும் செல்போன். அதில் அந்த ஊரின் இடிந்த கட்டடங்கள்.

ஒரு நாள் காலையில் செல்போனை வீட்டிலேயே வைக்கச் சொல்லி, ஃபெட்டை அவள் கழுத்தில் மாட்டி, காவிரிப் படித்துறைக்குக் கூட்டிப் போனேன். இந்தக் காமிராவில் செய்தி வராது பாருங்கள்! முப்பத்தாறு படம்தான். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் பார்க்கணும், தூரம் பார்க்கணும், மூச்சைப் பிடிக்கணும். முதல் நாள் நாலு படம் எடுத்தாள். ரோல் முடிய இரண்டு வாரம் ஆயிற்று. 'அந்தத் தாத்தா இப்போ எங்கே இருப்பாரோம்மா' என்று அவள் வாய் திறந்து கேட்டது அந்த நடையில்தான். காமிரா வைத்தியம் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை; டாக்டரிடமும் போனோம். ஆனால் கைக்கு நிதானமான வேலை ஒன்று கிடைத்தால் மனசு கொஞ்சம் இறங்கி வருகிறது.

எப்படி வேலை செய்கிறது?

நம் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளக்கிறதல்லவா? அதே வித்தைதான். முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள். பார்க்கும் துவாரத்தின் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம்: ஃபெட்-2, ஸோர்க்கி-4 இரண்டிலும் பார்வைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஒரு சின்ன நெம்புகோல் உண்டு.

லென்ஸ்களும் லேசுப்பட்டவை அல்ல. இண்டஸ்டார்-61 கூர்மை. ஜூபிடர்-8, ஜெர்மன் ஸோனார் லென்ஸின் வழி வந்தது. முழுக்கத் திறந்து எடுத்தால் முகம் பூப்போல மிருதுவாக விழும். வயசான முகங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

வாங்கும்போது கவனியுங்கள்

1. லென்ஸைக் கழற்றி, உள்ளேயிருக்கும் துணித்திரையை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும்.

2. லென்ஸுக்குள் நூலாம்படை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. வேண்டாம்.

3. திருகுவது கடினமாக இருந்தால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கிறது. ரிப்பேர் செலவைக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

4. மலிவான 'லைக்கா' என்று தங்க முலாம் பூசிக் காட்டினால் ஏமாறாதீர்கள். ஃபெட்டுக்கோ ஸோர்க்கிக்கோ வேஷம் கட்டியிருப்பார்கள்.

உபயோகிக்கும்போது

முதலில் குமிழைத் திருகிவிட்டு, அப்புறம்தான் வேகத்தை மாற்ற வேண்டும். முன்பின்னாகச் செய்தால் சில மாடல்களில் உள்யந்திரம் கெட்டுவிடும். லென்ஸைத் திறந்தபடி சூரியனைப் பார்க்க வைக்காதீர்கள். திரை பொசுங்கி ஓட்டை விழும். மூடி போட்டே வையுங்கள். மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் பூஞ்சை அண்டாது.

வெளிச்சக் கணக்கும் சமையல் அளவு மாதிரிதான். 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு வேகம் 1/100. சுள்ளென்ற வெயிலில் 16, லேசான மேகத்துக்கு 11, மூட்டத்துக்கு 8, நிழலுக்கு 5.6. நாலே நாளில் மனப்பாடமாகிவிடும்.

காமிரா மலிவு, ஃபிலிமும் கழுவும் கூலியும் இன்று மலிவல்ல. அதனால் மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரோலை ஊர் சுற்றிப் பார்க்கச் செலவழிக்க வேண்டாம். வீட்டிலேயே, ஜன்னலோர வெளிச்சத்தில், நம் பெரியவர்களை உட்காரவைத்து எடுங்கள். பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத படங்கள் அவைதான்.