வெட்ட வெட்டத் துளிர்த்த ஆப்பிள்!

ஆப்பிள் வாங்கும்போது நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? நிறத்தைத்தானே! 'நல்லா சிவப்பா பார்த்துப் போடுப்பா' என்போம். இந்தச் சிவப்பு மோகமே ஓர் அருமையான பழத்தின் ருசியைக் கெடுத்த கதை தெரியுமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெரு என்று ஒரு சிற்றூர். அங்கே ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில், 1870-களில் வரிசைக்கு வெளியே ஓர் ஆப்பிள் கன்று தானாக முளைத்தது. வெட்டினார். துளிர்த்தது. மறுபடியும் வெட்டினார். ஊஹூம்... அது விடுவதாக இல்லை! 'சரி, இருந்துட்டுப் போகட்டும்' என்று மனுஷர் விட்டுவிட்டார்.

சில வருஷம் கழித்துக் காய்த்ததே ஒரு பழம்! நீளவாட்டு உருவம், அடியில் ஐந்து முண்டுகள், மஞ்சள் தோலில் சிவப்புக் கோடுகள், நல்ல இனிப்பு, கமகம வாசனை. 'ஹாக்ஐ' என்று பெயர் வைத்தார். அது அயோவாவின் செல்லப் பெயர். 1893-ல் மிசௌரியில் ஸ்டார்க் சகோதரர்களின் நர்சரி நடத்திய பழப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு அவருக்குத்தான். ஆனால் அனுப்பியவரின் விலாசம் தொலைந்துபோச்சு! மறுவருஷம் அவர் மீண்டும் அனுப்பியதால்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். உரிமையை வாங்கி, 'டெலிஷியஸ்' என்று பெயரையும் மாற்றினார்கள். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-ல் சிம்லா பக்கம் கோட்கரில் நட்டது இந்த வகையைத்தான். நம் கடைகளுக்கு வரும் 'சிம்லா ஆப்பிள்' பலவற்றுக்கும் இதுதான் மூதாதை.

அப்புறம்தான் வினை. ஆப்பிள் மரத்தில் எப்போதாவது ஒரு கிளை மட்டும் கூடுதல் சிவப்பாகக் காய்க்கும். 1920-களிலிருந்து அப்படிப்பட்ட கிளைகளையே தேடித் தேடி ஒட்டுக் கட்டினார்கள். பார்வைக்கு ஜோர்! ஆனால் தோல் தடித்தது, கசந்தது. பழுக்கும் முன்பே சிவந்துவிடுவதால் சீக்கிரம் பறித்தும் விட்டார்கள். சப்பென்ற பழத்தை எத்தனை நாள் வாங்குவார்கள்? 2018-ல் அமெரிக்க விளைச்சலில் அதன் முதலிடத்தை 'காலா' ஆப்பிள் தட்டிப் பறித்தது.

ஆகவே கடையில் சிவப்பைப் பார்க்காதீங்க, சிவப்பு படாத இடத்தைப் பாருங்க. காம்புக் குழியோரம் கரும்பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை. இளமஞ்சள் தட்டியிருந்தால் எடுக்கலாம். கெட்டியாக, வாசனையாக இருக்கணும். நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிட்டால் நடுத்தரப் பழத்தில் சுமார் 4 கிராம் நார்ச்சத்து கிடைக்கும். ஜூஸாக வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரைதான் மிஞ்சும். நீரிழிவுக்காரர்கள் கவனிக்கவும்! மேஜையில் அலங்காரமாக அடுக்கினால் சீக்கிரம் மாவாகிவிடும், ஃப்ரிட்ஜில் வையுங்க.

பழைய ஹாக்ஐ இன்றும் அமெரிக்காவில் சில தோட்டங்களில் இருக்கிறது. ஹயாட்டின் மூல மரம் 1940-ல் கடும் குளிரில் பட்டுப்போனது. ஆனால் வேரிலிருந்து... ஆமாம், மறுபடியும் துளிர்த்துவிட்டது!